எடைக்குறைப்புச் சவாலை நிறுத்துங்கள்: எங்கள் ஊராட்சி மகளிர் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

தலைவி, செயலாளர், பொருளாளர், குழுக்களின் ஊக்குநர்கள் அனைவருக்கும்,

சம்பா அறுவடை முடிந்ததும் ‘இருபத்தொரு நாள் எடைக்குறைப்புச் சவால்’ இரண்டாம் முறையாக நடக்கும் என்று போன கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். முதல் முறை போலவே சேவை மையக் கட்டடத்தைத் தருவதாகவும், சாப்பாட்டுக்குப் பதிலாகக் கலக்கிக் குடிக்கும் பவுடர் டப்பா வாங்கக் கையில் காசு இல்லாதவர்களுக்குக் குழுவின் உள்கடனில் கொடுத்துத் தவணையில் பிடித்துக்கொள்வதாகவும் அதில் எழுதியிருக்கிறது. அந்தத் தீர்மானத்தை ரத்து செய்யச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். கூட்டத்திலேயே எழுந்து சொன்னேன். “நர்சம்மா பழைய காலத்து ஆள்” என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். அதனால் இப்போது ஊரே படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே கோரையாற்றங்கரை ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்களில் பலருக்குக் கர்ப்ப காலத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, அதை விழுங்கினீர்களா என்று வீட்டு வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். யாருக்கு எவ்வளவு ரத்தம் இருந்தது, யார் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார், யாருக்கு ரத்தக் கொதிப்பு என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

எடை குறைய வேண்டும் என்று நம் பெண்கள் நினைப்பதில் தப்பே இல்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடையோடு இருப்பதாக வந்தது. சர்க்கரை, மூட்டுவலி, ரத்தக் கொதிப்பு எல்லாம் அதோடு சேர்ந்து வருகின்றன. ஆனால் அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. அதே வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். பார்க்கக் கனமாக இருப்பவள் உள்ளே ரத்தம் இல்லாமல் இருக்கலாம். நம் ஊரில் அப்படித்தான் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சோற்றை நிறுத்து, பருப்பை நிறுத்து, பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் குடி என்று சொல்லியிருக்கிறோம்.

அந்த உணவுத் திட்டத் தாளை நான் வாங்கிப் படித்தேன். காலையில் ஒரு பவுடர் பானம். மத்தியானம் வெள்ளரிக்காய், கேரட், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. மாலையில் சர்க்கரை இல்லாத மூலிகைத் தேநீர். ராத்திரிக்கு மறுபடியும் பவுடர். டப்பாவில் அச்சிட்டிருக்கும் கலோரியையும் மற்றதையும் சேர்த்துக் கூட்டினால் ஒரு நாளைக்கு 600 கலோரிகூடத் தேறவில்லை.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவுகளின்படி, 55 கிலோ எடையுள்ள ஒரு பெண் உட்கார்ந்தே வேலை பார்த்தால்கூட நாளைக்கு 1,660 கலோரி வேண்டும். நடுத்தர உழைப்பு என்றால் 2,130. கடும் உழைப்புக்கு 2,720. நடவு நடுவதும் களை எடுப்பதும் கடும் உழைப்பு இல்லை என்று உங்களில் யார் சொல்வீர்கள்? புரட்டாசியில் முதல் சவால் நடந்தபோது சம்பா நடவு ஓடிக்கொண்டிருந்தது. காலையில் சேவை மையத்தில் எடை பார்த்துவிட்டு, பவுடர் தண்ணீரைக் குடித்துவிட்டு, அப்படியே வயலில் இறங்கினார்கள். மேலத்தெருவில் ஒரு பெண் நாற்று முடியைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்தவள் சேற்றிலேயே சரிந்துவிட்டாள். பக்கத்தில் ஆள் இருந்ததால் முகம் தண்ணீரில் கிடக்காமல் தூக்கினார்கள். அன்று மாலை வாட்ஸ்அப் குழுவில், பவுடரை விற்றுச் சவாலை நடத்திய கோச் போட்ட பதில், “உடம்பில் உள்ள நச்சு வெளியேறுகிறது, பயப்பட வேண்டாம்.” நச்சு எதுவும் வெளியேறவில்லை. சாப்பாடு இல்லை, உப்பு இல்லை, வெயிலில் வியர்த்துப் போனதற்கு ஈடாகப் போதிய தண்ணீரும் இல்லை. ரத்த அழுத்தம் இறங்கித்தான் அவள் விழுந்தாள்.

மருத்துவ உலகில் இதற்குத் தெளிவான எல்லை இருக்கிறது. நாளைக்கு 800 கலோரிக்குக் கீழே போகும் உணவுமுறையைச் சாதாரண டயட் என்று யாரும் சொல்வதில்லை. உடல் பருமன் மிக அதிகமாக இருந்து, உடனே எடை இறங்க வேண்டிய மருத்துவக் காரணமும் இருப்பவர்களுக்கு மட்டும், வைட்டமினும் தாது உப்பும் சேர்த்த முழுமையான உணவாக, பெரும்பாலும் 12 வாரத்துக்குள், இடையிடையே ரத்தம் சோதித்து, மருத்துவர் கண்காணிப்பில்தான் அதைக் கொடுக்கிறார்கள். கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவளுக்கும் கொடுக்கவே கூடாது. நம் சவாலில் ஐந்து மாதக் கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருந்தாள். முதல் ஆறு மாதம் பால் கொடுக்கிற தாய்க்கு வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே இன்னும் 600 கலோரி வேண்டும் என்று அதே நிறுவனம் சொல்கிறது. அவளுக்கு நாள் முழுவதற்கும் சேர்த்தே அவ்வளவுதான் கிடைத்தது. சேரும்போது பால் கொடுக்கிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. பெயர், எடை, பணம் கட்டிய ரசீது, அவ்வளவுதான் பதிவேட்டில் இருக்கிறது.

கோச் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். வெளிநாட்டில் இதே மாதிரி பானம் குடிக்க வைத்துச் சர்க்கரை நோயையே விரட்டியிருக்கிறார்களாம். சொன்னது முழுப் பொய் இல்லை, அதனால்தான் ஆபத்து. பிரிட்டனில் அப்படி ஓர் ஆய்வு நடந்தது. 2017இல் முடிவு வந்தது. சர்க்கரை வந்து ஆறு வருடம் தாண்டாதவர்களைச் சேர்த்துக்கொண்டு, மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளைக்கு 825 முதல் 853 கலோரி மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்த ஆய்வில் இன்சுலின் போடுகிறவர்களைச் சேர்க்கவே இல்லை. சேர்ந்தவர்களுக்குச் சர்க்கரை மாத்திரையையும் கொதிப்பு மாத்திரையையும் முதல் நாளே நிறுத்தினார்கள். பயிற்சி பெற்ற செவிலியரும் உணவியல் நிபுணரும் கூடவே இருந்தார்கள். பானத்தை நிறுத்திய பிறகு வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டுக்குத் திரும்ப வைத்தார்கள். அங்கே கொடுத்ததைவிட 200 கலோரிக்கு மேல் குறைவாகக் கொடுத்துவிட்டு, அங்கே இருந்த பாதுகாப்பில் ஒன்றுகூட இல்லாமல் நடத்தியதற்கு அந்த ஆய்வைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

நம் ஊரில் நடந்தது என்ன என்று உங்களுக்கும் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் முதல் சவாலில் நடந்ததைக் கூட்டத்தில் வேறு யாரும் பேசவில்லை.

வடக்குத் தெரு அக்கா ஒருவர் பல வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர். 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்ததிலிருந்து மாத்திரை வீடு தேடி வருகிறது. அவருக்கு இரண்டு வகை மாத்திரை. ஒன்று மெட்ஃபார்மின். அது தனியாக இருந்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. இன்னொன்று கிளிமிபிரைடு. அது கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். அக்கா சோற்றை நிறுத்தினார், மாத்திரையை நிறுத்தவில்லை. யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு ராத்திரி, விடியும் முன்பு, உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சு குழறி, மகனையே யார் என்று கேட்டிருக்கிறார். வீட்டில் முதலில் காத்து கருப்பு என்று நினைத்து விபூதி பூசினார்கள். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். கருவியில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 40-க்குக் கீழே இருந்தது. விழுங்கும் நிலையில் இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றவும் முடியாது, மூச்சுக்குழாயில் போய்விடும். 108 வந்து ஏற்றி, குளுக்கோஸ் நரம்பில் ஏறிய பிறகுதான் கண் தெளிந்தது. இந்த மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, ஏற்றிவிட்ட பிறகும் திரும்ப இறங்கும். அதனால் உடனே வீட்டுக்கு அனுப்பாமல் படுக்க வைத்துப் பார்த்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். தூக்கத்தில் நடந்திருந்தால், பக்கத்தில் யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால், இந்த மடலின் தலைப்பே வேறாக இருந்திருக்கும்.

இதற்கு நேர் எதிராக, வேறு இருவரிடம் பவுடர் குடிக்கும்போது மாத்திரையே வேண்டாம் என்று கோச் சொல்லியிருக்கிறார். மாத்திரையைத் தொடரலாமா, குறைக்கலாமா, நிறுத்தலாமா என்பதை மருத்துவர் மட்டும்தான் சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருந்தால் போதும். அதைக்கூட நாம் செய்யவில்லை.

வெள்ளிக் குத்துவிளக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதிகமாக எடை குறைத்தவளுக்கு வெள்ளிக் குத்துவிளக்கு என்று அறிவித்து, வாராவாரம் எடையைக் கரும்பலகையில் பெயரோடு எழுதினீர்கள். அது வந்த பிறகு 600 கலோரிகூட எல்லோருக்கும் அதிகமாகத் தெரிந்தது. கடைசி எடைக்கு முந்தைய நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்கள் உண்டு. பேதி மாத்திரை வாங்கிப் போட்டவர்கள் உண்டு. கடைத்தெரு மருந்துக்கடைக்காரரே என்னிடம் கேட்டார், உங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மலச்சிக்கலா என்று. ஏற்கெனவே சாப்பாடு இல்லாத உடம்பில் பேதியும் சேர்ந்தால் பொட்டாசியம் இறங்கும். பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 1970களின் கடைசியில் அமெரிக்காவில் திரவப் புரதத்தை மட்டும் குடித்து எடை குறைக்கும் மோகம் பரவியபோது, ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் சிலர் இளம்பெண்கள், அதற்கு முன்பு இதயநோய் இல்லாதவர்கள். துடிப்பு தடுமாறித் திடீரென்று விழுந்து போனார்கள். அது தரம் குறைந்த புரதம், இன்றைய பவுடர் அப்படி இல்லை என்று கோச் சொல்வார். சரி, இருக்கட்டும். பேதி மாத்திரை போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கும் உடம்புக்கு எந்தப் பவுடரும் காப்பு இல்லை.

அப்படிக் குறைந்த எடைதான் என்ன? முதல் வாரத்திலேயே நான்கு கிலோ போனது என்று கைதட்டினோம். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. வாரத்தில் நான்கு கிலோ கொழுப்பு கரைய வேண்டுமானால் நாளைக்கு 4,000 கலோரிக்கு மேல் பற்றாக்குறை வேண்டும். நடவு நடுகிறவள்கூட அவ்வளவு செலவழிப்பதில்லை. போனதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து தன் எடையைப்போல மூன்று நான்கு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பட்டினி தொடங்கியதும் முதலில் காலியாவது அதுதான். அதற்குப் பிறகு கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைகிறது. நாற்றுக்கட்டைத் தூக்குவதும் தண்ணீர்க்குடம் எடுப்பதும் தசையால்தான். நாற்பது வயதைத் தாண்டிய பெண் தசையை இழந்தால் திரும்பப் பெறுவது எவ்வளவு கஷ்டம் என்று முழங்கால் வலியோடு என் திண்ணையில் வந்து உட்காருகிறவர்களைக் கேளுங்கள்.

இரண்டாம் இடம் வந்த தங்கச்சி ஐப்பசி கடைசியில் வலது விலாவுக்குக் கீழே வலி தாங்காமல் துடித்தாள். ஸ்கேனில் பித்தப்பைக் கல். அந்தக் கல் சவாலால்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், முன்பே இருந்திருக்கலாம். ஆனால் வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை இறங்கும்போது பித்தக்கல் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். கரைகிற கொழுப்பிலிருந்து கல்லீரல் அதிகமான கொலஸ்ட்ராலைப் பித்தத்தில் தள்ளுகிறது. சாப்பாட்டில் எண்ணெய்ப் பசையே இல்லாததால் பித்தப்பை சுருங்கிப் பித்தத்தை வெளியேற்றுவதில்லை. தேங்கியது கட்டியாகிறது. அவள் வாரத்துக்கு இரண்டரைக் கிலோ இறக்கியவள். அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இப்போது மார்கழியில் இன்னும் சிலர் சீப்பு நிறைய முடி வருகிறது என்று வருகிறார்கள். மாதவிலக்கு தள்ளிப்போனவர்களும் இருக்கிறார்கள். பட்டினிக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்டும், அதனால் அவர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

எடை திரும்பி வந்ததையும் நீங்கள் பார்த்தீர்கள். தீபாவளி தாண்டியதும் பெரும்பாலோர் பழைய எடைக்கு வந்துவிட்டார்கள், சிலர் அதற்கும் மேலே. “கட்டுப்பாடு இல்லை” என்று அவர்களைக் கேலி செய்வது எனக்குத் தாங்கவில்லை. 1945இல் அமெரிக்காவில் மினசோட்டாவில் 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் சுமார் 1,600 கலோரி மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆரோக்கியமான, தாமே விரும்பி முன்வந்த ஆண்கள். எடையில் கால் பங்கு போனது. நாடித்துடிப்பு குறைந்தது, எப்போதும் குளிர் அடித்தது, சிடுசிடுப்பும் மனச்சோர்வும் வந்தன, சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சாப்பாடு திரும்பக் கிடைத்தபோது வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் தின்றார்கள். அந்த 1,600-ஐ ஆராய்ச்சி செய்தவர்களே பட்டினி என்றார்கள். நம் பெண்களுக்கு அதில் பாதியைக்கூடக் கொடுக்காமல், உடம்பு திரும்பச் சோறு கேட்டதும் அவர்கள்மேல் பழி போடுகிறோம்.

எனக்கு ஆத்திரம் கோச் மேல் அவ்வளவாக இல்லை. அவர் விற்க வந்தவர். கூட்டமைப்பு அப்படி இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துக் கூரையெல்லாம் போய்க் கிடந்தபோது பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டி ஊருக்கே சோறு போட்டவர்கள் நீங்கள். கந்துவட்டிக்காரனிடமிருந்து எத்தனையோ குடும்பத்தை மீட்டது இந்தக் குழுக் கடன்தான். கூட்டமைப்பு சொன்னால் நம் பெண்கள் மறுபேச்சு பேசமாட்டார்கள். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் டப்பா விற்றது. ஒரு டப்பா செட்டுக்கு 6,500 ரூபாய். இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் நூறு நாள் வேலைக் கூலியிலிருந்து கட்டுகிறவர்களும் உண்டு. விற்பனையில் கூட்டமைப்புக்கும் ஒரு பங்கு வந்ததாகப் பேச்சு இருக்கிறது. உண்மையா இல்லையா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எடையைக் குறைக்கிற வேலையை நாம் செய்ய முடியாதா என்ன? மாதத்துக்கு இரண்டு கிலோ இறங்கினாலே நல்ல இறக்கம். மூன்று வேளையும் தட்டு நிறைய ஏறும் வெள்ளைச் சோற்றைப் பாதியாக்கி, மீதி இடத்தில் கீரையும் பயறும் மீனும் வையுங்கள். வரப்பில் பொன்னாங்கண்ணி கிடைக்கிறது, வாய்க்காலில் கெண்டை கிடைக்கிறது, பங்குனியில் வீட்டுக்கு வீடு உளுந்தும் பயறும் இருக்கிறது. நாளைக்கு நாலு டம்ளர் டீயில் போடும் சர்க்கரையை நிறுத்தினாலே ஒரு பெரிய பங்கு குறையும். வேலை இல்லாத நாளில் ஆற்றங்கரையில் சேர்ந்து நடக்கலாம். இதற்கு யாரும் கடன் வாங்க வேண்டியதில்லை.

நான் கேட்பவை இவை. அறுவடைக்குப் பிறகு சவால் நடத்தும் தீர்மானத்தைத் தை மாதக் கூட்டத்திலேயே ரத்து செய்து பதிவேட்டில் எழுதுங்கள். எடைக்குறைப்புப் பொருள் எதையும் விற்கச் சேவை மையக் கட்டடத்தையும், வாங்கக் குழுக் கடனையும் இனிக் கொடுப்பதில்லை என்று அதிலேயே சேருங்கள். டப்பாவுக்குக் கடன் வாங்கியவர்களின் மீதித் தவணையைத் தள்ளுபடி செய்யுங்கள். விற்பனையில் வந்த பங்கு இருந்தால் அதிலிருந்து ஈடுகட்டி, அந்தக் கணக்கைக் கூட்டத்தில் வாசியுங்கள். பிரித்த டப்பாக்களின் லேபிளையும் விளம்பரத் தாளையும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுத்து விசாரிக்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று அந்தத் தாளில் அச்சிட்டே இருக்கிறது, என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது.

முதல் சவாலில் கலந்துகொண்ட எல்லோரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் ரத்த அளவு, சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். பெயர்ப் பட்டியலை என்னிடம் கொடுத்தால் வீடு வீடாகப் போய் நானே கூட்டி வருகிறேன். அதுவரை மீதிப் பவுடரை மட்டும் குடித்துக்கொண்டு யாரும் பட்டினி இருக்க வேண்டாம் என்றும், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் சாப்பாட்டையும் மாத்திரையையும் மாற்ற வேண்டாம் என்றும், மயக்கமோ படபடப்போ வந்தால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்றும் இன்றே வாட்ஸ்அப் குழுவில் தலைவி பெயரில் ஒரு குரல் பதிவு போடுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் அதில் பாதிப்பேர்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்
கோரையாற்றங்கரை